மஞ்சள் பூசிய கம்பம்

1

இந்த வாரம் எங்கள் கம்பெனியில் ஆண்டுப் பயிற்சி நடந்தது. எண்ணெய்க் குழாயில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்தாக வேண்டிய வகுப்பு. கனடாவில் எந்தக் கூட்டமானாலும் வாசலில் காப்பியும் டோநட்டும் இருக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனேன். எங்கள் மலையில், செம்மேட்டில் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே எனக்குப் பின்வரிசைதான்.

பாதி வகுப்பில் பயிற்சியாளர் திரையில் ஒரு படத்தைப் போட்டார். புல்வெளி. அதில் ஒரு வெள்ளைக் கம்பம். குழாய் போகிற இடத்தைக் காட்டுவதற்காக நாங்கள் நட்டு வைத்திருக்கும் கம்பம் அது. கம்பத்தின் உச்சியில் யாரோ மஞ்சளாக எதையோ பூசி, நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். கம்பத்தைச் சுற்றிப் புல்லைக் கொத்திப் பாத்தி கட்டியிருந்தது. பாத்தியின் ஓரத்தில் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு.

அறை முழுக்கச் சிரிப்பு. செருப்பை விட்டுவிட்டு ஆள் மட்டும் ஆவியாகிவிட்டாரா என்று முன்னால் இருந்த ஒருவர் கேட்டார். மறுபடியும் சிரிப்பு. பயிற்சியாளர் கையமர்த்திவிட்டு விளக்கினார். இந்த மனிதர் நின்ற இடத்துக்கு நேர் கீழே எண்ணெய் அழுத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது, கம்பத்தின் மேல் பெயிண்டும் அடித்திருக்கிறார், நல்லவேளை ஆழமாகத் தோண்டவில்லை. பிறகு எங்களைப் பார்த்து, இவர் செய்த தவறு என்ன என்று கேட்டார்.

வகுப்பில் இதற்கு ஒரே பதில்தான். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்: தோண்டுவதற்கு முன்னால் அவர் கேட்கவில்லை.

நானும் சேர்ந்து சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. அந்தச் செருப்பு என் தம்பியுடையது.

2

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு என் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வளப்பூர் நாடு என்கிற எங்கள் மலைப் பகுதியில் என்னைப் பற்றி விசாரித்தால், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் எண்ணெய் திறந்துவிடுகிற ஆள் என்பார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும். உண்மையில் நான் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்.

நாங்கள் இருக்கும் ஆல்பர்ட்டா பக்கத்தில் பூமிக்கு அடியில் கிடைப்பது தார் போன்ற எண்ணெய். கெட்டியாக இருக்கும், குழாயில் நகராது. அதை இளக்குவதற்கு லேசான இன்னொரு எண்ணெய் வேண்டும். அது அமெரிக்காவில் இருந்து எல்லை தாண்டி எங்கள் குழாயில் வருகிறது. எல்லையில் ஒரு மீட்டர் நிலையம் உண்டு. அந்தப் பக்கம் கொடுத்தேன் என்கிற அளவும் இந்தப் பக்கம் வாங்கினேன் என்கிற அளவும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வழியில் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். அந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

குழாய் ஊருக்குள்ளும் போகிறது. எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் அந்தப் பாதைதான். அகலமான புல்வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் நேராகப் போகும். வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது, கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்காமல் ஒரு கைப்பிடி மண்ணைக்கூடக் கிளறக்கூடாது. நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர்களைத் தவிர அங்கே யாருக்கும் வேலை இல்லை.

3

என் தம்பி குமரேசன் போன வருஷம் மே மாதம் வந்தான். முதல் தடவை விசா கேட்டபோது மறுத்துவிட்டார்கள். திரும்பிப் போவாரா என்று சந்தேகமாம். அவன் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். மொளகு காய்ச்சு நிக்கையில நான் அங்க என்னத்துக்கு இருக்கப்போறேன் என்றான். இரண்டாம் தடவை நிலத்தின் பட்டாவையும் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி லோடு ஏற்றிய லாரிக்கு முன்னால் அவன் நிற்கும் போட்டோவையும் சேர்த்து அனுப்பினோம். எது வேலை செய்ததோ, கிடைத்துவிட்டது.

மூன்று மாதம் இருப்பதாக ஏற்பாடு. முதல் வாரம் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தான். இரண்டாவது வாரம் வீட்டில் இருந்த தளர்ந்த கதவுகளையெல்லாம் முடுக்கினான். மூன்றாவது வாரம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. நானும் என் மனைவி சுமதியும் காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவோம். பெண் யாழினி பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அவன் கொல்லைக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் புல்வெளியையே பார்த்துக்கொண்டிருப்பான். கல் இல்லாத, சரிவு இல்லாத, தண்ணீர் நிற்காத மண். எங்கள் மலையில் அப்படி ஒரு துண்டு கிடைத்தால் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து ஆகிவிடும். இங்கே அதில் புல்லை வளர்த்து, மெஷினை வைத்து அந்தப் புல்லையும் வெட்டி எறிகிறார்கள். பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்திருக்கிறது.

யாழினிக்குப் பதின்மூன்று வயது. அவளுடைய தமிழ் சிறு பிள்ளைத் தமிழ். சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் வரும். எங்களோடு பேசுகையில் பாதியிலேயே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். சித்தப்பாவிடம் தாவ முடியாது. அதனால் அவனோடு மட்டும் முழுதாகத் தமிழ் பேசினாள். அவன் அவளுக்குப் பாத்தி, வரப்பு, களைக்கொத்து என்று வார்த்தைகளைக் கொடுத்தான். அவள் அவனுக்கு பஸ்ஸில் அட்டை தேய்க்கக் கற்றுக்கொடுத்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஒரு நாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டு போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தேன். யாழினி எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குமரேசன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணா, பொறத்தால அவ்வளவு எடம் சும்மாதான கெடக்குது. கொஞ்சூண்டு கொத்திக் கீர, மல்லி போட்டுக்கட்டுங்களா?"

"சரி சரி, போடு" என்றேன். அவன் என்ன கேட்டான் என்பது என் காதில் சரியாக விழவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்தது அப்படி.

4

அன்று பிற்பகல் நான் திரைகளுக்கு முன்னால் இருந்தபோது என் மேஜைக்குத்தான் அந்தப் போன் வந்தது. குழாய்ப் பாதையை மேலே இருந்து பார்த்துக்கொண்டு போக எங்களுக்கு ஒரு சிறு விமானம் உண்டு. அதில் இருந்தவர், ஊருக்குள் ஓர் இடத்தில் யாரோ பாதையைத் தோண்டியிருக்கிறார்கள் என்று சொல்லி இடத்தைச் சொன்னார். என் தெருவுக்குப் பின்னால் இருக்கும் கம்பம். அப்போதும் எனக்குத் தம்பி நினைவு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வேலி போடுகிறார் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அழுத்தம் குறையவில்லை, கசிவு இல்லை. என் மேலாளர் டேல், உன் வீட்டுப் பக்கம்தானே, நீயும் வா என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வண்டியில் இருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன். குமரேசன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு பாத்திக்குள் நின்றிருந்தான். நூல் பிடித்து மூன்று பாத்தி. சுமதி இந்தியக் கடையில் வாங்கி வைத்திருந்த மல்லியும் வெந்தயமும் கடுகும் விதைத்து, பால் கேனில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. அண்ணன் தன் ஆபீஸ் ஆளையே கூட்டிவந்து காட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டான்.

எங்கள் பக்கம் புது மண்ணைக் கொத்தினால் செருப்போடு உள்ளே இறங்கமாட்டோம். நிலத்தின் தலைமாட்டில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, அந்தக் கல்லிடம் வெட்டிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியைப் போடுவோம். இங்கே அவன் கண்ணுக்குக் கல்லாகத் தெரிந்தது எங்கள் கம்பம். அதன் உடம்பில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. மஞ்சளும் குங்குமமும் சுமதியின் சாமி அலமாரியில் இருந்து எடுத்தவை. டேல் குனிந்து ஊதுபத்திச் சாம்பலைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். எண்ணெய்க் குழாயின் தலைக்கு மேல் நெருப்பு. அவர் முகம் வெளிறியது.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதைத்தான் சொல்ல வேண்டும். தம்பியைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. என் வேலை தோன்றியது. குழாயில் வேலை பார்க்கிறவனே தன் வீட்டு ஆளைத் தோண்டவிட்டான் என்று ஆனால் அன்றைக்கே அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். அதற்கு முந்தைய வருஷம் இதைவிடச் சின்னக் காரியத்துக்கு ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

ஊரில் இருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவுக்காரர் என்று மட்டும் சொன்னேன். டேல் நேராகக் கேட்டார். தோண்டுவதற்கு முன்னால் இவர் உன்னிடம் கேட்டாரா?

இல்லை என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இவன் மலையில் காட்டு ஜனங்களோடு வளர்ந்தவன், வெளி உலகம் ஒன்றும் தெரியாது, எதையும் கேட்டுச் செய்கிற பழக்கம் அந்த ஜனங்களுக்குக் கிடையாது என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். சேலத்துக்காரன் என்றுதான் இங்கே எல்லோரிடமும் என்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த ஜனங்களில் நானும் ஒருவன் என்பது டேலுக்குத் தெரியாது. அவர் முகம் இளகியது. எவ்வளவு சுலபமாக நம்பினார் என்பதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அப்படிப்பட்ட மனிதர் என்றால் என்ன செய்வது என்று என் தோளில் தட்டினார். இவர் உன் வீட்டு ஆள் என்பது நம் இருவரோடு இருக்கட்டும் என்றும் சொன்னார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த யாழினி, பையை மாட்டியபடியே கொல்லைக் கதவருகில் நின்றிருந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். குமரேசன் அவளைப் பார்த்து, என்ன கண்ணு பேசிக்கறாங்க என்று கேட்டான்.

அவளுக்குத் தமிழில் மழுப்பத் தெரியாது. அந்த அளவுக்கு அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அப்பா சொல்றாங்க, நீங்க காட்டு ஆளு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க கேக்காம தோண்டினீங்க" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "ஆனா நீங்க கேட்டீங்க. நான் அங்க இருந்தேன்."

குழந்தை என்ன சொல்கிறாள் என்று டேல் கேட்டார். பசிக்கிறதாம் என்றேன். யாழினிக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

குமரேசன் கையில் இருந்த மண்ணை லுங்கியில் துடைத்தான். டேலிடம் "சாரி சார்" என்றான். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தான். அவனை விலகி நிற்கச் சொல்லி டேல் அதற்கு முன்பே படம் எடுத்துவிட்டிருந்தார்.

5

மறுநாள் கம்பெனி ஆட்கள் வந்து பாத்தியைச் சமன்செய்து புல் விதை தூவிவிட்டுப் போனார்கள். கம்பத்தையும் துடைத்துவிட்டார்கள். குங்குமம் மட்டும் சரியாகப் போகவில்லை.

குமரேசன் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன். அவன் வேறொன்று செய்தான். எல்லாவற்றையும் கேட்டுச் செய்ய ஆரம்பித்தான். அண்ணா, தண்ணி எடுத்துக்கட்டுங்களா? அண்ணா, டிவி போட்டுக்கட்டுங்களா? குளிக்கப் போகட்டுங்களா? குரலில் ஒரு குத்தலும் இல்லை. சாதாரணமாகக் கேட்பான், நான் பதில் சொல்லும்வரை நிற்பான். போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னால்தான் நகருவான். சுமதிக்கு ஒன்றும் புரியவில்லை. உங்க தம்பி என்ன, அடுத்தவங்க ஊட்டுக்கு வந்தவராட்டம் ஒவ்வொண்ணையும் கேக்கறாரு என்றாள். புது இடம், கூச்சம் என்று சொல்லி வைத்தேன். வந்த அன்றே பிரிட்ஜைத் திறந்து தயிரை எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்ட ஆளுக்கு இரண்டு மாதம் கழித்துக் கூச்சம் வந்துவிட்டது.

சின்ன வயதில் நான் பக்கத்துத் தோட்டத்துப் பலாவில் ஏறி ஒரு பழத்தை வெட்டி இறக்கி, தோட்டக்காரரிடம் மாட்டிக்கொண்டேன். அவர் என் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் குமரேசன் ஓடிவந்தான். எங்கண்ணன் எங்கிட்டச் சொல்லி உங்களக் கேக்கச் சொல்லுச்சுங்க, நான்தான் மறந்துட்டேனுங்க என்றான். எனக்கு விழ வேண்டிய அடி அவனுக்கு விழுந்தது. அப்புறம் இரண்டு பேரும் அந்தப் பழத்தைத்தான் தின்றோம். அவன் அதை எப்போதோ மறந்திருப்பான். எனக்குத்தான் இந்த வருஷம் முழுக்க அது ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருந்தது.

திரும்பிப் போகிற அன்று விமான நிலையத்தில் பேச்சை எடுத்தேன். அவன் முடிக்க விடவில்லை. உடுங்க, உங்களுக்கு வேல முக்கியமில்லீங்களா என்றான். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் சேர்ந்துகொண்டான். யாழினி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். காரில் திரும்பும்போது நான் தமிழில் ஏதோ கேட்டேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அதிலிருந்து இன்றுவரை என்னோடு ஆங்கிலம்தான். சித்தப்பாவோடு போனில் பேசும்போது மட்டும் அறைக்கதவு வழியாகத் தமிழ் கேட்கும். நாள் போகப் போக அந்தத் தமிழ் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் மொழியைவிட்டுப் போகிறார்கள் என்று எங்கள் தமிழ்ச் சங்கத்தில் அடிக்கடி கவலைப்படுவார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் பெண் மொழியை விட்டுப் போகவில்லை. என்னை விட்டுத்தான் போனாள்.

டேலிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ காலையில் நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன். அவர் சிரித்த முகத்தோடு எதிரே வருவார். நாளைக்குச் சொல்லலாம் என்று காப்பியை எடுத்துக்கொண்டு என் மேஜைக்குப் போய்விடுவேன். இப்படியே வருஷம் திரும்பிவிட்டது. என் தம்பி படமாகித் திரையில் வந்துவிட்டான்.

6

பயிற்சி முடிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் அவனைக் கூப்பிட்டேன். இங்கே சாயங்காலம், வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது. அங்கே விடிந்து பனி விலகிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வளைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீடியோவில் கூப்பிட்டேன். வகுப்பில் உன் படத்தைப் போட்டார்கள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சொன்னேன், தப்பு என்னுடையது. வார்த்தைகளை வண்டி ஓட்டும்போதே தயார் செய்து வைத்திருந்தேன்.

அவன் கீழ்க்காட்டில் நின்றிருந்தான். மழை பிடித்துவிட்டது, சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் மிளகுக் கொடி வைக்கக் குழி எடுக்கப்போகிறேன் என்றான். அந்தக் காடு எங்கள் இருவர் பேரிலும் சேர்ந்து இருப்பது. நான் இங்கே வந்த நாளில் இருந்து அவன்தான் பாடுபடுகிறான். எதை நட்டாய், எதை வெட்டினாய் என்று நான் கேட்டதும் இல்லை, அவன் சொன்னதும் இல்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான். "பாப்பா ஊட்டுல இருக்குதுங்களா? கொஞ்சம் கூப்புடுங்க."

கூப்பிட்டேன். யாழினி மாடியில் இருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றாள். சித்தப்பாவைக் கண்டதும் சிரித்தாள்.

குமரேசன் போனை எதன் மேலோ சாய்த்து வைத்தான். இப்போது அவன் முகம் தெரியவில்லை. வெறுங்காலும், ஈர மண்ணும், மண்வெட்டியும் தெரிந்தன. ஓரத்தில் அதே நீலச் செருப்பு. அதற்கு அந்தப் பக்கம் மஞ்சள் பூசின ஒரு கல்.

"அண்ணா, இது நம்ம ரெண்டு பேரு காடு. இங்க குழி எடுத்துக்கட்டுங்களா?"

கேலி செய்கிறானா என்று அறிய முகத்தைத் தேடினேன். கேலியாக இருந்தால் பிழைத்தேன். திரையில் அவன் கால்கள்தான் இருந்தன. தயார் செய்து வைத்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. எடுத்துக்கடா, இதுக்கெல்லாமா கேப்ப என்று மட்டும் சொன்னேன்.

"கண்ணு, நீ அங்கதான இருக்கற?" என்றான்.

"இருக்கேன் சித்தப்பா" என்றாள் யாழினி. "நீங்க கேட்டீங்க. அப்பா சரின்னு சொன்னாங்க."

மண்வெட்டி மண்ணில் இறங்கியது. யாழினி கை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள். எத்தனை குழி சித்தப்பா, எவ்வளவு ஆழம் என்று கேட்டுக்கொண்டே மாடிக்கு ஏறிப் போனாள்.